வசதியான வீட்டில் பிறந்ததால் ஓவியரானாரா, அதனாலேயே காணாமல் போனாரா? (சோஃபோனிஸ்பா, இசபெல்லா, இன்னும் சிலர்)

#1 கோலப்புள்ளி

என் பிறந்தநாளுக்குத் தங்கை 500 துண்டு ஜிக்சா ஒன்று வாங்கித் தந்தாள். பெட்டி மேலிருந்த படத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். அக்கா தங்கைகள் மூன்று பேர் மரத்தடியில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். "நம்ம வீடு மாதிரியே இருக்கு, தோக்கிறவ வாயைத் திறக்கிறா பார்" என்றாள்.

பத்து நாள், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து அடுக்கினேன். துண்டு துண்டாகப் பார்க்கும்போதுதான் பிடிபடுகிறது. இடது பக்கம் இருப்பவள் லூசியா. வெட்டிய காய் கையில் இருக்கிறது, ஆனால் பலகையைப் பார்க்காமல் நேராக நம்மைப் பார்க்கிறாள். எதிரே மினர்வா, கையைத் தூக்கி ஏதோ சொல்ல வருகிறாள். நடுவில் சின்னவள் யூரோப்பா, அக்கா மாட்டிக்கொண்டதைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறாள். வலது ஓரத்தில் வயதான பணிப்பெண் ஒருத்தி. பலகையின் விளிம்பில் பொடி எழுத்து. அந்தத் துண்டுகளைச் சேர்க்கவே இரண்டு ராத்திரி ஆனது. லத்தீன். தேடிப் பார்த்ததில் கிடைத்த பொருள்: அமில்கரேயின் மகள், கன்னி சோஃபோனிஸ்பா ஆங்குயிசோலா, தன் மூன்று தங்கைகளையும் பணிப்பெண்ணையும் நேரில் பார்த்து வரைந்தாள், 1555.

அப்போது அவருக்கு 23 வயது இருக்கும். இத்தாலியின் கிரெமோனா ஊர், பிரபுக் குடும்பம். படம் இப்போது போலந்தின் போஸ்னான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லூரியில் கலை வரலாறு ஒரு தாள் படித்தவள் நான். இந்தப் பெயர் காதில் விழுந்ததே இல்லை. ஓவியப் பட்டறைக்காரர் மகன் ஓவியராவது புரிகிறது. பிரபு வீட்டுப் பெண் எப்படித் தூரிகை பிடித்தார்? காசு இருந்ததாலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 டீக்கடை_பெஞ்சு

இதில் என்ன புதிர்? வேலை செய்யத் தேவை இல்லை, நேரம் இருந்தது, வரைந்தார். நம்மூர்ப் பெரிய வீட்டுப் பெண்கள் வீணை கற்றுக்கொண்ட மாதிரி. அந்த ஓரத்தில் நிற்கிற பணிப்பெண்ணுக்கும் கை இருந்தது, அவளிடம் யார் தூரிகை கொடுத்தார்கள்? தங்கைகள் பெயரெல்லாம் தெரிகிறது, அவள் பெயர் மட்டும் 'பணிப்பெண்'.

#3 பழைய_ஏடு

பெஞ்சுத் தோழர் கேட்டதில் பாதி சரி. மற்ற பாதிக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். அமில்கரே பிரபுதான், ஆனால் பெரிய பணக்காரர் இல்லை. ஆறு பெண்கள், ஒரு பையன். ஆறு பேருக்கும் வரதட்சணை கொடுத்துக் கரையேற்ற வேண்டும். அந்த ஊரில் அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய பாரம் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

1546 வாக்கில் மூத்தவள் சோஃபோனிஸ்பாவையும் அடுத்தவள் எலேனாவையும் பெர்னார்தினோ காம்ப்பி என்ற ஓவியரிடம் படிக்க அனுப்பினார். பட்டறையில் சாயம் அரைத்து, எடுபிடி வேலை செய்து வளரும் பையன்களைப் போல இல்லை. காம்ப்பியின் வீட்டில், அவர் மனைவியின் பார்வையில் தங்கிப் படித்தார்கள். ஆடையில்லாத உடலைப் பார்த்து வரைந்து பழகும் வாய்ப்பு இல்லை. அது இல்லாமல் புராணக் காட்சிகளும் தேவாலயத்துப் பெரிய பலிபீடப் படங்களும் கைகூடாது. அப்போது பேரும் காசும் அவற்றில்தான். மிச்சம் இருந்தது வீடு: தங்கைகள், தம்பி, அப்பா, கண்ணாடியில் தன் முகம். அந்தக் குறுகிய இடத்துக்குள்தான் புதிதாக ஒன்றைச் செய்தார். குடும்பப் படம் என்றால் எல்லோரும் விறைத்து நிற்பது வழக்கமாக இருந்த காலத்தில் சிரிக்க வைத்தார், வாய் திறக்க வைத்தார்.

அப்பாவும் சும்மா இருக்கவில்லை. மகளின் வேலையைப் பற்றி மைக்கேலாஞ்சலோவுக்கே கடிதம் எழுதினார். அவள் வரைந்த சிரிக்கும் சிறுமியைப் பார்த்த கிழவர், அழுகிற பையனை வரைவது இன்னும் கஷ்டம் என்றாராம். சோஃபோனிஸ்பா தன் தம்பி அஸ்த்ரூபாலேயின் விரலை நண்டு கடிப்பது போல வரைந்து அனுப்பினார். அந்தக் கோட்டோவியம் இன்றும் நேப்பிள்ஸில் இருக்கிறது. பையன் முகத்தைப் பார்த்தால் நமக்கே விரல் சுருக்கென்கும்.

1559இல் ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்பின் அரண்மனை கூப்பிட்டது. புது அரசி எலிசபெத் த வாலுவாவுக்குத் தோழியாக. அரசிக்குப் 14 வயது, ஓவியம் என்றால் உயிர்.

#4 கரித்துண்டு

நான் போட்டோவைப் பார்த்து ஆளுயரப் படம் வரைந்து கொடுக்கிறவன். முன்னே கடைப் பலகை எழுதினேன், ஃபிளக்ஸ் வந்த பிறகு அது போச்சு. எனக்கு ஒரே சந்தேகம். அரண்மனையில் ஒரு படத்துக்கு என்ன கொடுத்தார்கள்?

#5 பழைய_ஏடு

கரித்துண்டு அண்ணா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். படத்துக்கு என்று விலையே கிடையாது.

அவர் அங்கே ஓவியராகப் போகவில்லை, அரசியின் தோழியாகப் போனார். பிரபு வீட்டுப் பெண் கூலிக்கு வேலை செய்யக்கூடாது, கௌரவக் குறைவு. ஆண்டுக்கு உதவித்தொகை, பட்டுத்துணி, நகை, பரிசு, இப்படி வரும். படத்துக்கு ரசீது எழுத மாட்டார்கள். ரசீது இல்லையென்றால் அரண்மனைக் கணக்கில் பெயர் ஏறாது. ஸ்பெயினில் வரைந்தவற்றில் கையெழுத்துப் போடும் பழக்கமும் விட்டுப்போனது. கிரெமோனாவில் சதுரங்கப் பலகை விளிம்பிலும் கையிலிருக்கும் புத்தகத்திலும் தன் பெயரை எழுதி வைத்தவர்!

அதே அரண்மனையில் சம்பளத்துக்கு இருந்த ஓவியர் அலோன்சோ சான்செஸ் கொயெல்லோ. அவர் பெயர் கணக்கில் இருக்கிறது. பிராடோ அருங்காட்சியகத்தில் கறுப்பு உடையில், கையில் ஜெபமாலையோடு ஃபிலிப் அரசர் இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள், பள்ளிப் புத்தகங்களில்கூட வரும். ரொம்பக் காலம் அது கொயெல்லோ கணக்கில்தான் இருந்தது. பிறகு ஆராய்ந்து பார்த்து, 1565இல் சோஃபோனிஸ்பா வரைந்து 1573இல் அவரே மாற்றியது என்ற முடிவுக்கு வந்தார்கள். போதாக்குறைக்கு 1734இல் மாட்ரிட் பழைய அரண்மனை தீப்பிடித்து ஏராளமான படங்கள் சாம்பல்.

#6 டீக்கடை_பெஞ்சு

அதாவது பணக்கார வீட்டுப் பெண் என்பதால் கதவு திறந்தது, அதே காரணத்தால் வாசலில் பெயர்ப் பலகை மாட்டவில்லை. சரி, நான் சொன்ன வீணை உதாரணத்தை வாபஸ் வாங்குகிறேன். பணிப்பெண்ணைப் பற்றிக் கேட்டதை வாங்கவில்லை.

#7 செம்பருத்தி

இதற்கு நேர் எதிர்க்கதை ஒன்று, இத்தாலியின் பொலோன்யா ஊர் லவீனியா ஃபோன்தானா (1552-1614). அவர் பிரபு வீடு இல்லை, அப்பா ப்ரோஸ்பெரோ ஓவியர். 1577இல் கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டிய பெரிய சீதனமே பெண்ணின் கைத்தொழில்தான். அந்த வருடம் தன்னையே வரைந்திருக்கிறார். முன்னால் கிளாவிகார்டு என்ற பியானோ மாதிரி வாத்தியம் வாசிக்கிறார், பணிப்பெண் இசைத்தாள் கொண்டுவருகிறாள், நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு வேண்டிய எல்லா அடையாளமும் இருக்கிறது. பின்னால் தூரத்தில், ஜன்னல் பக்கம், காலியாக ஒரு ஓவியத் தாங்கி நிற்கிறது. கல்யாணப் பெட்டி அதன் பக்கத்திலேயே. 'சம்பாத்தியம் அங்கே இருக்கிறது' என்று சொல்லாமல் சொல்கிற படம்.

சொன்னபடி சம்பாதித்தார். கணவர் சாப்பி மனைவியின் வேலைக்கு ஒத்தாசையாக இருந்தார். பதினொரு பிள்ளைகள் பெற்று, அவருக்குப் பிறகு உயிரோடு இருந்தது மூன்றே பேர். அதற்கு நடுவில் இத்தனை படங்கள்.

நான் பட்டுப்புடவை டிசைன் போடுகிறவள். லவீனியா வரைந்த சீமாட்டிகளின் உடையை ஜூம் செய்து பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜரிகை எங்கே மடிகிறது, முத்து எங்கே தொங்குகிறது, சரிகைப் பின்னலின் ஒவ்வொரு கண்ணும் எண்ணலாம். பொலோன்யா சீமாட்டிகள் அவரைத் தேடி வந்ததில் ஆச்சரியமில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய நகையை அப்படியே எழுதிக் கொடுக்கிறவர் கிடைத்தால் யார் விடுவார்கள்? ஜினெவ்ரா அல்த்ரோவாந்தி என்ற விதவைச் சீமாட்டியின் படம் இப்போது பால்டிமோரில் இருக்கிறது. அந்தத் துக்க உடையிலும் செல்வம் தெரியும். வரைந்தது பெண், காசு கொடுத்ததும் பெண்.

#8 வெற்றிலைப்பெட்டி

காசு கொடுத்த பெண்கள் என்றால் முதலில் இசபெல்லா தெஸ்தேயைத்தான் சொல்ல வேண்டும். ஃபெர்ராரா அரச குடும்பம், 1490இல் மாந்துவா ஆட்சியாளர் பிரான்செஸ்கோ கொன்சாகாவுக்கு வாழ்க்கைப்பட்டவர். அரண்மனையில் தனக்கென்று 'ஸ்தூதியோலோ' என்று ஒரு சின்ன அறை வைத்து, அதன் சுவர்களுக்கு அன்றைய பெரிய ஓவியர்களிடம் ஒவ்வொன்றாகப் படம் வாங்கினார். மாந்தென்யா, பெருஜினோ, லொரென்சோ கோஸ்தா, கடைசியில் கொரெஜ்ஜோ. இன்று எல்லாம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில்.

பெருஜினோவோடு போட்ட ஒப்பந்தம் 1503 ஜனவரி. படத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், யார் கையில் என்ன, பின்னால் என்ன கதை நடக்க வேண்டும், எல்லாம் எழுத்தில். உருவங்கள் அதிகமாகப் பட்டால் குறைத்துக்கொள்ளலாம், சொந்தமாக ஒன்றும் சேர்க்கக்கூடாது. 100 டக்கட் பொற்காசு. அப்புறம் ஐம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். ஒரு கடிதத்தோடு நூல் சுற்றி அனுப்பினார். மாந்தென்யா படத்திலிருக்கும் பெரிய உருவத்தின் உயரம் அந்த நூலின் நீளம், பக்கத்தில் தொங்கப்போகும் உன் படத்திலும் அளவு பொருந்த வேண்டும் என்று.

#9 கரித்துண்டு

நூலா!! ஐயோ, பெருஜினோ அண்ணே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

போன வருடம் ஒரு வீட்டில் அம்மாவுக்குப் படம் கேட்டார்கள். ஹாலில் அப்பா படம் ஏற்கெனவே தொங்குகிறது, அதற்கு ஜோடி. சட்டத்தின் அளவை டேப்பில் எடுத்து அனுப்பினார்கள், நியாயம். அப்புறம் அப்பாவின் தலை எத்தனை அங்குலம் என்று ஒரு செய்தி. அப்புறம் புடவை கலர். மூன்று தடவை மாறியது. அப்புறம்தான் குண்டு: "அம்மாவை இருபது வயசு குறைச்சுப் போட்டுடுங்க." அம்மா உயிரோடு, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நேரில் பார்த்து வரைகிறேன் என்றேன், வேண்டாம், பழைய போட்டோ தருகிறோம் என்றார்கள். அரை முன்பணத்தோடு படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது.

கேட்கிறவர் சீமாட்டியாக இருந்தால் என்ன, எதிர்வீட்டுக்காரராக இருந்தால் என்ன. பெருஜினோ எப்போது கொடுத்தார்?

#10 வெற்றிலைப்பெட்டி

1505 ஜூன். இரண்டரை வருடம். இசபெல்லா பதில் எழுதினார்: படம் வந்து சேர்ந்தது, கோடும் நிறமும் நன்றாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் கவனமாக முடித்திருந்தால் உமக்கும் பெருமை, எனக்கும் திருப்தி. எண்ணெய் வண்ணத்தில் போடாமல் விட்டதும் வருத்தம் என்று. உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் படம் பிடிக்காது. ஒப்பந்தத்தைப் படிப்பது போலவே இருக்கும்.

வயது குறைப்பதைப் பற்றி: வெனிஸ் ஓவியர் டிஷன் அவரை வரைந்தபோது இசபெல்லாவுக்கு அறுபது வயது. வியன்னாவில் இருக்கும் அந்தப் படத்தில் இருபதைத் தாண்டாத பெண் உட்கார்ந்திருக்கிறாள். நேரில் உட்காரவே இல்லை, பழைய படம் ஒன்றைக் கொடுத்து அதைப் பார்த்துப் போடச் சொன்னார்.

#11 கரித்துண்டு

பழைய போட்டோ தருகிறோம். 500 வருடமாக அதே வசனம்.

#12 பழைய_ஏடு

இசபெல்லாவை எல்லோரும் கலையின் தாய் என்று கொண்டாடுவார்கள், எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. மூன்று காரணம் சொல்கிறேன்.

1502இல் போப்பின் மகன், படைத்தலைவன் செசாரே போர்ஜா உர்பினோ நகரைப் பிடித்தான். அங்கிருந்து தப்பி மாந்துவாவில் அடைக்கலம் புகுந்தவர்கள் யார் என்றால் இசபெல்லாவின் நாத்தனார் எலிசபெத்தாவும் அவர் கணவரும். அவர்கள் தன் வீட்டில் இருக்கும்போதே, அவர்கள் அரண்மனையில் கொள்ளை போன மைக்கேலாஞ்சலோவின் தூங்கும் மன்மதன் சிலையைத் தனக்கு வாங்கித் தரச் சொல்லித் தம்பிக்கு எழுதினார். சிலை வந்தது. உர்பினோ மறுபடி அவர்கள் கைக்குப் போன பிறகும் சிலை திரும்பிப் போகவில்லை. கடைசியில் இங்கிலாந்து போய் 1698இல் ஒயிட்ஹால் அரண்மனைத் தீயில் அழிந்தது.

மாந்தென்யா கடைசிக் காலத்தில் கடனில் இருந்தார். உயிராக வைத்திருந்த ஃபாஸ்தினா என்ற பழைய ரோமானியப் பளிங்குத் தலையை 100 டக்கட்டுக்கு விற்கிறேன் என்று இசபெல்லாவுக்கே எழுதினார். கேட்ட விலையைக் குறைக்கப் பார்த்துப் பல மாதம் இழுத்தடித்து 1506 ஆகஸ்டில் வாங்கினார். செப்டம்பரில் மாந்தென்யா செத்துப்போனார். தன் சுவருக்கு இரண்டு படம் வரைந்து கொடுத்த மனிதர்.

மூன்றாவது, பெஞ்சுத் தோழரின் பணிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது. 1491இல் வெனிஸிலிருந்த தன் ஆளுக்கு ஒரு கடிதம்: ஒன்றரையிலிருந்து நான்கு வயதுக்குள் ஒரு கறுப்பினச் சிறுமி வேண்டும், எவ்வளவு கறுப்பாகக் கிடைக்குமோ அவ்வளவு கறுப்பாக. சிலைக்கும் ரத்தினத்துக்கும் எழுதுகிற அதே தோரணை.

#13 கோலப்புள்ளி

கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு ஜிக்சாவை எடுத்து மறுபடி பார்த்தேன். இந்தப் பணிப்பெண்ணின் முகத்தைச் சோஃபோனிஸ்பா அரைகுறையாக விடவில்லை. நெற்றிச் சுருக்கம், தலைத்துணியின் மடிப்பு எல்லாம் தங்கைகளுக்கு இணையாகப் பார்த்து வரைந்திருக்கிறார். அந்த லத்தீன் வரியிலும் அவளைச் சேர்த்திருக்கிறார். பெயர்தான் இல்லை.

#14 செம்பருத்தி

பழைய ஏடு சார், ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் இப்படிக் கேரக்டர் சர்டிஃபிகேட் ஆண்களுக்குக் கேட்கிறோமா? போர்ஜாவிடமிருந்து வாங்கியது தப்பு, போர்ஜாவே திருடினானே.

அந்தக் காலத்தில் ஒரு பெண் கலைக்குக் காசு செலவழிக்கிறாள் என்றால் பெரும்பாலும் விதவையாக இருப்பாள், கணவன் கல்லறைக்கோ தேவாலயத்துக்கோ இருக்கும். கணவன் உயிரோடு இருக்கும்போதே, கடவுளுக்கும் குடும்பத்துக்கும் இல்லாமல், 'நான் உட்கார்ந்து படிக்க ஒரு அறை, என் சுவரில் என் விருப்பம்' என்று கேட்ட பெண் இவர். 1509இல் கணவரை வெனிஸ்காரர்கள் சிறை பிடித்தபோது ஆட்சியை நடத்தியதும் இவர்தான். நூல் சுற்றி அனுப்பியது தொல்லை, ஒத்துக்கொள்கிறேன். தனக்கென்று ஒரே ஒரு அறை இருக்கிறவள் அந்த அறையை அங்குலம் அங்குலமாகத்தான் யோசிப்பாள்.

#15 பழைய_ஏடு

கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

இசபெல்லாவுக்கும் எல்லாம் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெனிஸ் ஓவியர் ஜொவான்னி பெல்லினியிடம் 1501இல் முன்பணம் கொடுத்தும், தான் சொன்ன கதையை வரைய வைக்க முடியவில்லை. பிறர் எழுதிக் கொடுத்ததை வரைய அவருக்குப் பிடிக்காது, மனம் போனபடி போகிறவர். கடைசியில் ஒரு கிறிஸ்து பிறப்புப் படத்தை வாங்கிக்கொண்டு சமாதானம் ஆனார். லியொனார்தோ டா வின்சி மாந்துவா வந்தபோது சுண்ணக்கோலில் இவர் முகத்தைப் பக்கவாட்டில் வரைந்தார். படமாக மாற்ற ஓரங்களில் ஊசிப்புள்ளிகூடக் குத்தியிருக்கிறது. நம்மூரில் சுவரில் படம் எழுதுகிறவர்கள் தாளில் துளையிட்டுக் கரிப்பொடி தட்டுவார்களே, அதே முறை. ஆள் மேல் ஆள் விட்டுக் கேட்டும் வண்ணப் படம் வரவே இல்லை.

#16 டீக்கடை_பெஞ்சு

காசு இருந்தும் நடக்காத இன்னொருத்தர்: மரி த மெடிசி, பிரான்ஸின் அரசித் தாய். 1622இல் ஓவியர் ரூபென்ஸோடு ஒப்பந்தம் போட்டுத் தன் வாழ்க்கையையே 24 பெரிய படங்களாகப் பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனையில் மாட்டினார். மார்செய் துறைமுகத்தில் இறங்குவதுகூடக் கடல் கன்னிகள் சூழத்தான். நம்மூர் கட்-அவுட் தோற்றது. கணவருக்கும் ஒரு வரிசை போட வேண்டும் என்று ஒப்பந்தம், அது முடியவே இல்லை. மகனோடு சண்டை, 1631இல் நாட்டை விட்டு ஓட்டம், படங்கள் மட்டும் பத்திரமாக லூவரில்.

#17 ஆடிவெள்ளி

எல்லோரும் இத்தாலிக்கே போகிறீர்கள். மதுரை மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பாருங்கள், ராணி மங்கம்மாள் இருக்கிறார். அவர் இவர்களுக்கெல்லாம் பிந்தியவர், பேரனுக்காக ஆண்டவர். அங்கே காசு கொடுத்தவர் முகம் நமக்குத் தெரிகிறது, எழுதியவர் பெயர் வந்து சேரவில்லை.

#18 நெறியாளர்

நாயக்கர் கால ஓவியங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், படம் வைத்திருப்பவர்கள் அங்கே போடுங்கள். இங்கே இத்தாலி ஓடட்டும்.

#19 கோலப்புள்ளி

சோஃபோனிஸ்பா கதை பாதியில் நிற்கிறதே. அரசி செத்த பிறகு என்ன ஆனார்?

#20 பழைய_ஏடு

எலிசபெத் 1568இல் இறந்தார். அரசரே வரதட்சணை கொடுத்து 1573இல் சிசிலிப் பிரபு ஃபாப்ரிசியோ மொன்காதாவுக்குக் கட்டி வைத்தார். 1578இல் அவர் கடலில் செத்தார். சோஃபோனிஸ்பா ஊர் திரும்ப ஏறிய கப்பலின் தலைவர் ஒராசியோ லொமெல்லினோ, இவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கல்யாணம் செய்துகொண்டார்! டஸ்கனி ஆட்சியாளர் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியனுப்ப, திருமணங்கள் முதலில் சொர்க்கத்தில் நடக்கின்றன, பிறகுதான் பூமியில் என்று பதில் எழுதினார். நம் பாட்டி சொல்வதுதான். ஜெனோவாவில் நெடுங்காலம், கடைசியில் பலேர்மோ.

1624 ஜூலை 12 அன்று ஓவியர் வான் டைக் அங்கே போய் அவரைப் பார்த்தார். வான் டைக்குக்கு 25 வயது. கிழவிக்கு 96 என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார், உண்மையில் 92 இருக்கும். கண் மங்கிவிட்டது, ஆனால் நினைவு தெளிவு. வரைந்துகொண்டிருக்கும்போதே அவர் யோசனை சொன்னாராம்: வெளிச்சத்தை ரொம்ப உயரத்திலிருந்து விடாதே, சுருக்கங்களில் நிழல் பெரிதாக விழும். அடுத்த வருடம் இறந்தார். அந்தக் குறிப்பேடு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

#21 கரித்துண்டு

இதைப் படித்துவிட்டு மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

அந்த வீட்டம்மாவை நானே போய்ப் பார்த்தேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கூடத்தில் பழைய கால ஜன்னல், மேல் கதவு கீழ் கதவு தனித்தனி. முதலில் இரண்டையும் திறந்து உட்கார வைத்தேன், கண்ணுக்குக் கீழே குழி குழியாக நிழல். மேல் கதவைச் சாத்திவிட்டுக் கீழ்க் கதவை மட்டும் திறந்தேன். சுருக்கம் ஒன்றும் ஓடிப்போகவில்லை, ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அம்மா கேட்டார், "ஏம்ப்பா, மேல சாத்தினே?" பலேர்மோவில் ஒரு பாட்டி சொன்னாங்க என்றேன். எந்த ஊர்ப் பாட்டி என்று கேட்டுவிட்டு, காபி போட எழுந்து போனார்.

வயசு குறைக்கவில்லை. நாளைக்கு மறுபடி போகிறேன். புடவை அவரே எடுத்து வைத்திருக்கிறார், அரக்கு.